சாதாரண வாழ்க்கைச் சான்றிதழ்

வடக்கே, குளிர்நாடு ஒன்றின் கிரூன்வோக் நகராட்சியில் வாழ்நிலை மன்றம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஒரு குடும்பம் வாழ எவ்வளவு செலவாகும் என்பதை அந்தக் குடும்பத்துக்குத் தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்து வைப்பது அதன் வேலை. துறைமுகத்துக்கு மேலே, குன்றின் சரிவில், கூரையில் புல் வளர்த்த மரக் கட்டடம். உள்ளே நுழையும்போது காலணியைக் கழற்றிவிட வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் கம்பளிக் காலுறையோடு சத்தமில்லாமல் நடப்பார்கள். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. ஒருவர் மேலே இருந்தால் இன்னொருவர் கீழே இருக்க வேண்டிவரும் என்பதால் அந்த வழக்கத்தை எப்போதோ ஒழித்துவிட்டார்கள். அதனால் அங்கே முடிவு எடுப்பதற்கு ஆள் கிடையாது. முடிவு தானாகக் கனிந்து விழும்வரை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.

தெசா அந்த மன்றத்துக்கு முதன்முதலாகப் போனது ஜனவரி மாதம், பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலை. செர்பியாவில் சாச்சாக் என்னும் ஊரிலிருந்து வந்தவள். கணவன் ராதோயே கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அவள் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தாள். மகன் வூக் இரண்டாம் வகுப்பு. மூத்தவள் நெவெனா மட்டும் ஊரில், தெசாவின் தங்கை வீட்டில் இருந்தாள். செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள்தான் சொன்னாள். இப்போது படிப்பு முடியப்போகிறது. ஜூன் மாதம் அவளுக்குப் பதினெட்டு நிறைகிறது. பதினெட்டு நிறைவதற்குள் கூப்பிட்டுக்கொண்டால் அவள் பிள்ளை; அப்புறம் அவள் வேறு ஒரு நாட்டுப் பெண். கூப்பிட்டுக்கொள்ள ஒரே ஒரு காகிதம்தான் குறைந்தது. இந்தக் குடும்பம் கிரூன்வோக்கில் சாதாரணமாக வாழ்கிறது என்று வாழ்நிலை மன்றம் தரும் சான்றிதழ்.

அதில் என்ன சிரமம் என்றுதான் தெசா நினைத்தாள். அவர்களுக்குக் கடன் இல்லை. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. வங்கியில் கொஞ்சம் சேமிப்புகூட இருந்தது.

அவளுடைய கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பெயர் தூர்ஹில்ட். ஐம்பதைத் தாண்டியவள், கனிந்த முகம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தெசாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க செலவுக் கணக்கைப் பார்த்துட்டு நாங்க எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டோம், தெசா."

"நாங்க யாருக்கும் கடன் வெக்கலியே."

"அதுதான்" என்றாள் தூர்ஹில்ட். "எங்க ஆய்வுப்படி இவ்வளவு குறைச்சலான செலவுல ஒரு குடும்பம் இங்க வாழ முடியாது. ஆனா நீங்க வாழுறீங்க. அப்ப நீங்க வாழுறது வாழ்க்கையா இருக்க முடியாது, இல்லியா?"

தெசா விளக்கம் சொன்னாள். ரொட்டியை வீட்டிலேயே சுடுகிறாள். கோஸை பால்கனியில் பீப்பாயில் ஊறப்போட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்கிறாள். எல்லாருக்கும் முடி வெட்டுவது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ராதோயே பாலத்தடியில் தூண்டில் போட்டு மீன் பிடித்து வருவான். தூர்ஹில்ட் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். நோயாளி தன் வலியைச் சொல்லும்போது மருத்துவர் ஆட்டுவது போன்ற ஆட்டம். மீன் விஷயத்தில் மட்டும் நிறுத்திக் கேட்டாள். அந்த மீன் பொழுதுபோக்கா, சாப்பாடா? பொழுதுபோக்கு என்றால் அதற்கான மழைச்சட்டையும் பூட்ஸும் வாங்கியிருக்க வேண்டும், பிடித்த மீனில் பாதியையாவது தண்ணீரிலேயே விட்டிருக்க வேண்டும். சாப்பாடு என்றால் அது கவலைக்குரியது. இரண்டும்தான் என்றாள் தெசா. இரண்டுக்கும் சேர்த்துப் படிவத்தில் கட்டம் இல்லை என்று தூர்ஹில்ட் வருத்தத்தோடு சொன்னாள்.

மெழுகுவத்திக்கும் ஒரு கட்டம் இருந்தது. தெசாவின் கணக்கில் அது காலியாக இருந்தது.

"வீட்டுல கரண்டு இருக்கே" என்றாள் தெசா.

தூர்ஹில்ட் தன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "எங்களுக்குப் பணம் ஒரு பொருட்டே இல்ல, தெசா. அதுதான் எங்க நாட்டோட அழகு. பணம் ஒரு பொருட்டு இல்லைன்னு காட்டிக்கற அளவுக்குப் பணம் இருந்தாப் போதும்."

மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதம் சாதாரணமாக வாழ்ந்து காட்ட வேண்டும். சாதாரணமாக வாழ்வது எப்படி என்று மன்றம் படம் போட்டு அச்சடித்த புத்தகம் ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் அட்டையில் ஒரு குடும்பம் பனியில் உட்கார்ந்து ஆரஞ்சு சுளை தின்றுகொண்டிருந்தது.

ராதோயே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டான். "குறைச்சலா செலவு பண்ணுறது குத்தமா? எங்கப்பன் சாகுற வரைக்கும் என்னை ஊதாரின்னு திட்டினான். அந்த மனுஷனை இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்."

"நீ பேசாம இரு" என்றாள் தெசா. "மூணு மாசம்தானே. அவங்க சொல்ற மாதிரி வாழ்ந்துட்டுப் போவோம். பிள்ளை வந்து சேரட்டும்."

வாழ ஆரம்பித்தார்கள்.

முதலில் மெழுகுவத்தி. சாயங்காலம் நாலு மணிக்கு மின்விளக்கைப் போட்டு, அதன் கீழேயே ஆறு மெழுகுவத்தியும் ஏற்றி வைத்தாள். யாரோ செத்த வீடு மாதிரி இருக்கிறதென்று ராதோயே தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமைதோறும் டாக்கோ சாப்பிட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அதுதான். டப்பாவில் வந்த மொறுமொறு ஓட்டுக்குள் டப்பாவில் வந்த மசாலாவும் டப்பாவில் வந்த சோளமும் போட்டு, கடித்தால் எல்லாம் மடியில் கொட்டும். வூக்குக்கு அது பிடித்துப்போயிற்று. ராதோயே கொட்டியதைப் பொறுக்கித் தின்றபடி, இதற்குப் பாலத்தடி மீன் என்ன பாவம் செய்தது என்று கேட்டான்.

பிறகு பனிச்சறுக்குப் பலகைகள். வூக்குக்கு ஒரு ஜோடி, பெரியவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி. மலிவாகக் கிடைக்கிறதே என்று தெசா பழைய சாமான் கடையில் வாங்கினாள். மன்றம் அந்த ரசீதைத் திருப்பி அனுப்பியது. பழையது வாங்குவதை மன்றம் மனமார வரவேற்கிறது, அது பூமிக்கு நல்லது. ஆனால் புதியது வாங்கக் கூடியவர் பழையது வாங்கினால்தான் அது பூமிக்கு நல்லது, வாங்க முடியாதவர் வாங்கினால் அது வெறும் ஏழ்மை என்று தூர்ஹில்ட் தொலைபேசியில் விளக்கினாள். புதியது வாங்கினார்கள். அந்தச் செலவுக்காக ராதோயே சனிக்கிழமையும் வேலைக்குப் போனான். பொழுதுபோக்குக்குப் பணம் வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தான். பலகைகள் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றன. அவற்றில் ஏறிப்போக வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை.

ஈஸ்டருக்கு மலைக்குடில். இதைத் தட்டவே முடியாது. ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போகாத குடும்பத்தைச் சாதாரணக் குடும்பம் என்று அந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வாரத்துக்கு வாடகை எடுத்தார்கள். அந்த வாடகையில் சாச்சாக்கில் ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்க விறகு வாங்கலாம். குடிலில் மின்சாரம் இல்லை. தண்ணீரை ஓடையிலிருந்து வாளியில் சுமந்து வர வேண்டும். கழிப்பறை வெளியே, பனியில், மரக் கதவு போட்ட ஒரு பெட்டி. தெசாவின் அப்பா அவ்வளவு வருஷம் செங்கல் சூளையில் கிடந்து உழைத்ததே இப்படிப்பட்ட ஒரு வீட்டைவிட்டுத் தன் பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தான். தெசா வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது அதை நினைத்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்ததும் குடிலின் படத்தைப் பார்த்துத் தூர்ஹில்ட் கண் கலங்கினாள். இப்போதுதான் நீங்கள் வாழவே ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றாள்.

சேமிப்பு தீர்ந்தது. ஆனால் புத்தகத்தின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நெவெனா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, நாங்கள் ரொம்ப நன்றாகச் செலவு செய்கிறோம் என்று தெசா சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் கூட்டு வேலை நாள் வந்தது. பனி உருகியதும், ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் கூடி, கூலியில்லாமல் முற்றத்தையும் மாடிப்படியையும் சுத்தம் செய்வது அந்த நாட்டு வழக்கம். மருத்துவரும் வருவார், லாரி ஓட்டுபவரும் வருவார். புத்தகத்தில் இதற்கு முழுப்பக்கம் கொடுத்திருந்தார்கள். தெசா இதில்தான் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று விடியும் முன்பே எழுந்தாள். சுத்தம் செய்வது அவள் தொழில். மற்றவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கீழே வந்தபோது, மாடிப்படி ஐந்து தளமும் துடைத்து, சருகையெல்லாம் வாரி மூட்டை கட்டி, சைக்கிள் கொட்டகையைக் கழுவிவிட்டு, அவள் வாளியைக் கவிழ்த்துவைத்துக் கொண்டிருந்தாள்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவி குத்ருன், ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கலியே, தெசா" என்றாள்.

தெசா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, பரவாயில்லை, அடுத்த வருஷமும் நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கீழே எல்லாரும் சுத்தமான முற்றத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது.

"கூட்டு வேலைங்கறது வேலை முடியறதுக்கு இல்ல" என்றாள் தூர்ஹில்ட். "சேர்ந்து நிக்கறதுக்கு. நீங்க மத்தவங்களோட பங்களிப்பை அவங்ககிட்டேயிருந்து எடுத்துட்டீங்க. அதுவும் இல்லாம, துப்புரவு உங்க தொழில். மத்தவங்க துடைச்சா அது சேவை. நீங்க துடைச்சா அது வேலை. கூலி வாங்காம வேலை பார்த்திருக்கீங்க. கூலி வாங்காம வேலை பார்க்கறது இங்க சட்டப்படி சுரண்டல். யாரு உங்களைச் சுரண்டினதுன்னு இப்ப நாங்க கண்டுபிடிக்கணும்."

சுரண்டியவர்கள் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேரும் என்று மன்றத்தின் வட்டம் ஒருமனதாகக் கண்டுபிடித்தது. அவர்கள் ஒவ்வொருவரும் தெசாவிடம் வந்து தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குப் பிறகு மாடிப்படியில் அவளைப் பார்த்தால் யாரும் பேசவில்லை.

மே மாதம் கடைசிக் கட்டம். மன்றத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, குடும்பம் உண்மையிலேயே சாதாரணமாக வாழ்கிறதா என்று நேரில் பார்ப்பார்கள். வருவது தூர்ஹில்டும், ஐவின் என்ற இளைஞனும். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு வாய் காப்பி போதும், அதுதான் இங்கே வழக்கம் என்று தூர்ஹில்ட் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ராதோயேயும் அதையேதான் சொன்னான். "காப்பின்னு சொன்னா காப்பி குடு. உன் கையை வெச்சிக்கிட்டு சும்மா இரு."

"என் மகளுக்காக வர்றாங்க" என்றாள் தெசா. "வெறுங்காப்பி குடுத்து அனுப்பவா? நம்ம ஊர்ல ஜப்தி பண்ண வர்றவனுக்குக்கூட வெறுங்காப்பி குடுத்ததில்ல."

இரண்டு நாள் சமைத்தாள். அவளுக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியாது. அவள் ஊரில் விருந்தாளி வாசற்படி ஏறியதும் முதலில் ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பேச்சே ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் பிளம்ஸ் சாராயம். அப்புறம் புகைபோட்ட இறைச்சி, சுட்ட மிளகாய்த் துவையல், சீஸ் அடுக்கிய பணியாரம். நடுவில் பெரிய மண்சட்டியில் கோஸ் பொதிகள்: பீப்பாயில் ஊறிய கோஸ் இலையில் அரிசியும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி, ஒரு ராத்திரி முழுக்க மெல்லிய தீயில் வெந்தவை. மேஜையில் முழங்கை வைக்க இடமில்லை. மெழுகுவத்தியை ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

தூர்ஹில்ட் மேஜையைப் பார்த்து, அடடா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சாராயத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தாள், பிறகு குடித்தாள். ஐவின் உயரமான, ஒல்லியான பையன். தரையைப் பார்த்தே பேசுவான். அவன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கையில் வைத்திருந்தான். முதல் கோஸ் பொதியைச் சாப்பிட்ட பிறகு அதைக் கீழே வைத்துவிட்டான். மூன்றாவதில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை என்று ஐந்தாவதில் சொன்னான். அவன் அம்மா வெள்ளிக்கிழமை டாக்கோ வைப்பாள் என்றும், மற்ற நாளில் ரொட்டியில் சீஸ் வைத்துக் கொள்வார்கள் என்றும் யாரும் கேட்காமலே சொன்னான். ஏழாவதோடு நிறுத்திக்கொண்டான். தெசாவுக்குப் பாவமாக இருந்தது. கிளம்பும்போது மிச்சத்தை அலுமினியத் தாளில் கட்டி அவன் கையில் திணித்தாள். வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

"இது சாதாரண வாழ்க்கைதான்" என்று படியிறங்கும்போது தூர்ஹில்ட் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. "சந்தேகமே இல்ல."

அன்று இரவு தெசா தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னாள், நெவெனாவுக்குக் குளிர்கோட்டு இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அங்கே வாங்காதே என்று.

திங்கட்கிழமை தூர்ஹில்ட் கூப்பிட்டாள். குரலில் அதே கனிவு இருந்தது. ஐவின் மிகவும் நேர்மையான பையன். வீட்டுக்குப் போனதும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து, தான் ஏழு கோஸ் பொதிகள் சாப்பிட்டதையும் ஒரு பொட்டலம் வாங்கியதையும் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டான். ஒரு கோப்பைக் காப்பியும் ஒரு வாஃபிளும் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேலே போனால் அது அதிகாரியின் மனத்தை மாற்றக்கூடிய பொருள். மாற்றியதா இல்லையா என்று நன்னடத்தைக் குழு தீர்மானிக்கும்வரை சான்றிதழை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"மாத்தலைன்னு அவரையே சொல்லச் சொல்லுங்களேன்" என்றாள் தெசா.

"சொன்னான். ஆனா அவன் சொல்றதை எப்படி நம்பறது? அவன்தான் ஏழு சாப்பிட்டிருக்கானே. இதுல நீங்க பெருமைப்படணும், தெசா. உங்க ஊர்ல இப்படி ஒரு அதிகாரி கிடைப்பானா?"

கிடைக்கமாட்டான் என்று தெசா ஒப்புக்கொண்டாள். அவள் ஊர் அதிகாரி ஏழும் தின்றுவிட்டு, பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். பிள்ளை வந்து சேர்ந்திருக்கும்.

நன்னடத்தைக் குழு கூடியது, கூடிய உடனே கலைந்தது. ஐவின் அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மனசாட்சி இடம் கொடுக்காமல் அலுவலகத்துச் சமையலறையில் வைத்திருந்தான். தூக்கி எறிந்தால் உணவை வீணடித்த பாவம். அதனால் அதைக் கத்தியால் சரிசமமாக வெட்டி, யாருக்கும் கூடுதலாகப் போய்விடாமல், மன்றத்தில் இருந்த எல்லாருக்கும் பங்கு வைத்திருந்தார்கள். குழுவின் ஐந்து உறுப்பினர்களும் அதில் அடக்கம். ஐந்து பேரும் சாப்பிட்டதை ஒப்புக்கொண்டு, இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தங்களுக்குத் தகுதியில்லை என்று விலகினார்கள். அந்த விலகல் எவ்வளவு கண்ணியமானது என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் பத்தி ஒன்று வந்தது.

அடுத்த நகராட்சியிலிருந்து வேறு குழுவை வரவழைத்தார்கள். அவர்கள் வருவதற்குள் மே மாதம் முடிந்தது. நடுவில் தேசிய நாள், ஏதோ ஒரு தேவாலய விடுமுறை, அதை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை. வந்த குழுவினர் கவனமானவர்கள். கோஸ் பொதிக்கு ஒரு மனிதனின் மனத்தை மாற்றும் சக்தி உண்டா என்பதை அதைச் சாப்பிட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். தெசா மறுபடி சமைத்தாள்.

"இந்தப் போக்குல போனா நாம ஒரு ஓட்டலே வெச்சிருக்கலாம்" என்றான் ராதோயே. சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து கொடுத்தான்.

மண்சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு அவள் குன்றேறிப் போனாள். அவள் முகம் தீர்ப்பைப் பாதிக்கக் கூடாது என்பதால் வெளியே, காலணிகள் வைக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் சின்னத் தட்டில் ஒன்று எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, தண்ணீரால் வாய் கொப்பளித்து, எதையோ யோசித்தார்கள். சட்டி காலியாகும்வரை யோசித்தார்கள். ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்து, இன்னும் இருக்கிறதா, எங்களுக்கு இரண்டு கருத்து வந்திருக்கிறது என்று கேட்டாள்.

ஜூன் மாதம் நெவெனாவின் பிறந்தநாள் வந்து போனது. அவள்தான் கூப்பிட்டாள். கேக் வெட்டியதைச் சொன்னாள். சித்தி அழுததைச் சொன்னாள். நெவெனாவும் அழுதாளா என்று தெசா கேட்கவில்லை.

"நேத்து வரைக்கும் நான் உங்க பிள்ளைம்மா" என்றாள் நெவெனா. "இன்னைக்கு நான் யாரோ. நல்லாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. சம்பளம் கம்மிதான். யாரும் ஒண்ணும் கேக்கல."

வூக் பேச வேண்டும் என்று தொலைபேசியைப் பிடுங்கி, தன்னிடம் பனிச்சறுக்குப் பலகை இருக்கிறது, அவள் வந்தால் தருவேன் என்று சொன்னான்.

ஜூலையில் நாடு முழுக்க விடுமுறை. மன்றத்தின் கதவில், கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒருவரின் படத்தை ஒட்டி, நாங்களும் மனிதர்கள்தாம் என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆகஸ்டில் முடிவு கனிந்தது. பீப்பாய்க் கோஸுக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத பொருளுக்கு மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாத பொருள் யார் மனத்தையும் மாற்ற முடியாது. ஆகவே குற்றம் நடக்கவில்லை. சான்றிதழ் வழங்கலாம்.

அதை விழாவாகவே வைத்தார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் அன்று காலை மனம் எப்படி இருந்தது என்பதையும் சொன்னார்கள். தெசா தன் பெயரை மட்டும் சொன்னாள். தூர்ஹில்ட் எழுந்து நின்று வாசித்தாள். மூன்று பேர் கொண்ட இந்தக் குடும்பம் கிரூன்வோக்கில் சாதாரணமாகவும், சில வகைகளில் சாதாரணத்தைவிடச் சிறப்பாகவும் வாழ்கிறது. கைதட்டினார்கள். ஐவின் தரையைப் பார்த்தபடி கைதட்டினான்.

"நான் நாலு பேருக்குத்தானே கேட்டேன்" என்றாள் தெசா.

தூர்ஹில்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதையும் மறைத்துப் பேசுகிறவள் இல்லை. "நாலு பேருக்குன்னா உங்களுக்குக் கிடைச்சிருக்காது, தெசா. இந்த வருஷம் நீங்க ரொம்ப செலவு பண்ணிட்டீங்க. சேமிப்பு மொத்தமும் போயிடுச்சு. நாலு பேருன்னு போட்டா உங்க குடும்பம் ஏழ்மைக் கோட்டுக்குக் கீழ போயிடும். மூணு பேருன்னு போட்டா நல்லா மேல நிக்குது. ஒரு விதத்துல பார்த்தா, நெவெனா வராததுதான் உங்களைத் தூக்கிவிட்டிருக்கு." பிறகு இன்னும் அன்போடு சொன்னாள், பிள்ளையைப் பிரிந்த தாய்மாருக்கென்றே மன்றத்தில் புதன்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறது, வாஃபிள் உண்டு என்று.

தெசா சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதைப் படித்துக் காட்டினாள். ராதோயே எழுந்தான். கருவிப் பெட்டியை எடுத்துவந்து அலமாரியின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். கொஞ்சநேரம் கழித்து, சாச்சாக்கில் அவனுடைய மச்சான் இரும்புக் கேட்டு செய்யும் பட்டறையில் ஆள் இல்லாமல் தவிக்கிறான் என்றான். அந்தக் கூலியில் இங்கே மெழுகுவத்திகூட வாங்க முடியாது என்றாள் தெசா. வாங்க வேண்டாமே என்றான் அவன். அவள் அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரைவிட்டுப் போகிறவர்களும் மன்றத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். செப்டம்பரில் ஒரு மழைநாள் அவள் போனாள். காலணியைக் கழற்றவில்லை. தூர்ஹில்ட் அதைக் கவனித்து, கவனிக்காததுபோல இருந்தாள். இத்தனை தூரம் வந்த பிறகு, இவ்வளவு அழகாக வாழக் கற்றுக்கொண்ட பிறகு ஏன் என்று கேட்டாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. மன்றம் வாழக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் வாங்கிய முதல் குடும்பம் இவர்கள்தான். ஆண்டறிக்கையில் படம்கூட அச்சுக்குப் போய்விட்டது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்றாள் கணினியைத் திறந்து. "எங்க ஆய்வுக்காக. அங்க போனா மாசச் செலவு உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு நினைக்கிறீங்க?"

"நாலு பேருக்கு ஆகறது ஆகும்" என்றாள் தெசா.

கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினாள்.

தூர்ஹில்ட் ஆள் எண்ணிக்கைக் கட்டத்தில் நான்கு என்று அடித்தாள். கணினி ஏற்கவில்லை, குடும்பத்தின் பதிவில் மூன்று பேர்தான் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது. அவள் பெருமூச்சு விட்டாள். நான்கை அழித்துவிட்டு மூன்று என்று அடித்தாள். உடனே ஏற்றுக்கொண்டது.